பாரிஸுக்குப் போன சட்டாம்பிள்ளை

"அத்தை, நான் டீச்சர் இல்லையாம்."

2025 செப்டம்பர் 1ஆம் தேதி சாயந்திரம் புதுச்சேரி வில்லியனூரிலிருந்து அண்ணன் மகள் போன் செய்து சொன்ன முதல் வாக்கியம் இதுதான். இருபத்திரண்டு வருஷமாக அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். அன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிற ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் அப்படியே இருந்துவிட்டுப் போகலாம், பதவி உயர்வு மட்டும் கேட்கக் கூடாது. இவளுக்கு வயது 46. எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும் தப்ப முடியாது.

நான் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. பாகூர் ஏரிக்கரைப் பக்கம் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக வாத்தியார் வேலைதான். நாலு தலைமுறையிலும் யாராவது ஒருத்தர் வந்து "நீ வாத்தியார்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஆள்தான் வேறு வேறு.

தாத்தாவைக் கேட்டது ஊர். எங்கள் பழைய வீட்டுத் திண்ணை உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். ஊஞ்சல் கட்டியது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்பாதான் சொன்னார், அது கோதண்டம் போட்ட வளையம் என்று. பாடம் சொல்லாத பையன் அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்க வேண்டும். கீழே மணல் பரப்பியிருக்கும். காலையில் அந்த மணலில்தான் சின்னப் பிள்ளைகள் விரலால் அகரம் எழுதுவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஓலையும் எழுத்தாணியும். தாத்தா எந்தப் பரீட்சையும் எழுதியவர் இல்லை. ஆனால் திண்ணைப் பள்ளி வைத்த முதல் வருஷம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, எண்சுவடியில் குழிமாற்று வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்டாராம். அப்புறம் ஒரு பழைய நிலப் பத்திரத்தை நீட்டிப் படிக்கச் சொன்னாராம். குழி, மா, வேலி என்று நிலம் அளக்கத் தெரியாதவனிடம் பிள்ளையை விட்டு என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி. அதன் பிறகு வருஷா வருஷம் பரீட்சை தாத்தாவுக்கு இல்லை, பிள்ளைகளுக்குத்தான். அறுப்பு முடிந்து நெல் அளக்கிற நாளில் பையன் வாய்ப்பாட்டில் தடுமாறினால், வாத்தியார் வீட்டுக்கு வருகிற மரக்கால் தலை தட்டியே வரும்.

இதைக் கேட்டு யாரும் உருக வேண்டாம். அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளை ஒன்றுகூட ஏறியதில்லை. என் அத்தைமார் மூன்று பேரும் உள்ளே இருந்து ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான் வாய்ப்பாடு கற்றார்கள். ஊர் வைத்த பரீட்சை ஊரின் பாதிப் பேருக்காக வைத்த பரீட்சை.

தாத்தாவுக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவான், வாத்தியார் சட்டாம்பிள்ளையிடம் பாடம் கேட்பார். ஒரே ஆள் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற வித்தை இது. 1789இல் சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் விடுதியிலும் மணலைப் பரப்பினார். பிள்ளையைக்கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவி, 1815க்குப் பிறகு பிரான்சிலும் நுழைந்து, பாரிஸ் பள்ளிகளில் பையன்கள் மணல் தட்டில் எழுதினார்கள். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை பாரிஸ் வரைக்கும் போய்விட்டு வந்தான்.

போய்விட்டு வந்தான் என்பதைவிட, அங்கிருந்து விரட்டப்பட்டான் என்பதுதான் சரி. 1833இல் கிஸோ என்ற கல்வி மந்திரி கொண்டுவந்த சட்டம், கொம்யூன் என்ற ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்றது. பாடம் நடத்துகிறவர் கையில் 'பிரெவே' என்ற தகுதிப் பத்திரம் இருக்க வேண்டும் என்றது. 1881இல் ழூல் ஃபெரியின் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அதுவரை மடத்துத் தலைமை கொடுத்த கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய கன்னியாஸ்திரீகளும் இனி பிரெவே எழுதியே ஆக வேண்டும். அதற்கு முந்தின வருஷம், 1880 மார்ச்சில் வந்த ஆணையில்தான் பாகூரும் வில்லியனூரும் கொம்யூன்கள் ஆயின. பிரெஞ்சிந்தியா முழுக்கப் பத்து கொம்யூன்கள். கொம்யூன் வந்தது, மேர் என்ற ஊர்த் தலைவர் வந்தார், பின்னாலேயே பிரெவே வந்தது.

பாரிஸுக்குப் போனது சட்டாம்பிள்ளை மட்டும் இல்லை. 1879இல் ழூல் தெலஃபோன் என்ற பிரெஞ்சு நீதிபதிக்குப் பாகூரில் செப்பேடுகள் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில் எழுதியவை. அன்றைய வாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை எழுதிவைத்த சாசனம். ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. பாகூரில் எந்த மேடையிலும் 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே பல்கலைக்கழகம் இருந்தது' என்று ஒரு தடவையாவது சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். இருந்ததுதான். வேதமும் சாத்திரமும் படித்தவர்களுக்கு. சேட்டுப்பாக்கத்தில் உழுதவனுடைய நெல் அங்கே போனது, அவன் பிள்ளை போயிருக்க மாட்டான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனைக் கல்வெட்டு. 1048ஆம் ஆண்டு, முதலாம் ராஜாதிராஜ சோழன் காலம். 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், யார் யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கு. அதோடு, கற்பிக்கிறவர்களும் கற்கிறவர்களும் ஊர் வாரிய வேலைகளுக்கு வர வேண்டியதில்லை என்று விலக்கு. வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாட்டு வண்டிப் பாதையெல்லாம் நடந்த ஆசிரியை நான். இந்த விலக்கைப் படித்த அன்று ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் கேட்டது பிரான்ஸ். ஊரில் செர்த்திபிகா என்ற தொடக்கப் பள்ளிச் சான்றிதழ், அப்புறம் பாண்டிச்சேரிக்கு நடந்தும் வண்டியேறியும் போய்ப் பிரெவே. பிரெஞ்சில் சொல்வதெழுதுதல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பார். அஞ்சு பிழைக்கு மேல் போனால் முட்டை. லுவார் ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நாலு மைலில் ஓடிய பெண்ணையாற்றைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை. தமிழ் வாத்தியாராக இருந்தால் வழி வேறு, தமிழில் தனியாகப் பரீட்சை உண்டு. கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் அப்படித்தான் தமிழ்ப் பரீட்சை தேறி, 1909இல் பதினெட்டு வயதில் காரைக்கால் பக்கம் நிரவியில் ஆசிரியராகப் போனார். பாரதிதாசன் என்று பெயர் வாங்கிய பிறகும், 1946இல் ஓய்வு பெறும்வரை அவர் வாத்தியார்தான்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று கொடி மாறியது. அப்பாவுக்கு முப்பத்தாறு வயது. அதுவரை 'ஆ, பே, சே, தே' என்று சொல்லிக்கொடுத்த மனிதர், ராத்திரி அரிக்கேன் விளக்கில் 'ஏ, பி, சி, டி' உருப்போட்டாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எழுத்து அதேதான், வாய் மட்டும் திரும்ப மறுத்தது. அதைவிடப் பெரிய கவலை பிரெவே. ஒரு அலுவலகத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த குமாஸ்தா, "இது எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேலா கீழா?" என்று கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. பக்கலோரெயா, பிரெவே எலெமாந்தேர் முதலிய பிரெஞ்சுச் சான்றிதழ்களை மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் சமமாக ஏற்பது பற்றி. இரண்டு தேசங்கள் உட்கார்ந்து ஒரு கிராமத்து வாத்தியாரின் சர்ட்டிபிகேட்டுக்கு வழி சொல்லியிருக்கின்றன. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் அப்பா பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார்.

என்னைக் கேட்டது தமிழ்நாட்டு வழக்கம். இணைப்புக்குப் பிறகு பாடத்திட்டம் அங்கிருந்துதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங். 1974இல் பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் கடலூரில் சேர்ந்தேன். தக்கிளியில் நூல் நூற்றோம், தோட்டம் போட்டோம், கரும்பலகையில் கோணாமல் எழுதப் பழகினோம். பாடக்குறிப்பு நோட்டுதான் உயிர். நோக்கம், ஊக்குவித்தல், துணைக்கருவி, பாட வளர்ச்சி, மதிப்பீடு என்று கோடு போட்ட கட்டங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் சிவப்பு மையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கடைசி செய்முறைத் தேர்வு எனக்கு இரண்டாம் வகுப்பில், கழித்தல். ராத்திரி முழுக்க விழித்து அட்டையில் மாம்பழம் வரைந்து, வெட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் கோத்து வைத்திருந்தேன். பதினைந்து மாம்பழத்தில் ஆறு போனால் எத்தனை. பாடம் ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம் தென்னண்டைக் காற்று அடித்தது. மாம்பழமெல்லாம் வேலி தாண்டிப் போய்விட்டது. பின்னால் தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து கை நிறையப் புளியங்கொட்டை எடுத்து மேஜையில் வைத்தான். "டீச்சர், இது பறக்காது." அதை வைத்தே பாடத்தை முடித்தேன். எல்லாப் பிள்ளைகளும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். துணைக்கருவி பாடக்குறிப்பில் சொன்னபடி இல்லை என்று எனக்கு மதிப்பெண் குறைந்தது. கோபம் ரொம்ப நாள் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டும், நாலு தலைமுறையில் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, பாடம் நடத்து பார்க்கலாம் என்று கேட்ட பரீட்சை எனக்கு வைத்ததுதான்.

அண்ணன் மகளைக் கேட்பது டெல்லி. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 1973இலேயே இருந்தது, ஆனால் ஆலோசனை சொல்வதோடு சரி. 1993இல் சட்டம் வந்து, 1995இல் அதிகாரம் கிடைத்தது. அதன் பிறகு நாடெங்கும் பி.எட். கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்தன. பணம் கட்டிவிட்டு வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கியவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. 2014இல் புது விதிகள். பி.எட். இரண்டு வருஷம். ஐம்பது மாணவர்களுக்கு 2500 சதுர மீட்டர் நிலம், அதில் 1500 சதுர மீட்டர் கட்டடம். வருஷத்துக்கு 200 வேலை நாள். பள்ளியில் 20 வாரப் பயிற்சி, அதில் 90 சதவீத வருகை. இந்த 20 வாரம் நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். நிலத்தை அளப்பதில் மட்டும், குழிமாற்றுக் கேட்ட பெரியவர் ஞாபகம் எனக்கு வருகிறது. இப்போது மறுபடி ஒரு வருஷ பி.எட். என்கிறார்கள், நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு என்கிறார்கள்.

டெட் தனிக் கதை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 2010 ஆகஸ்ட் 23இல் வந்த அறிவிக்கையோடு அது பிறந்தது. 150 கேள்வி, 150 நிமிடம், 90 எடுத்தால் தேர்ச்சி. இவள் வேலைக்கு வந்தது அதற்கு ஏழு வருஷம் முன்னால். அன்றைக்கு அரசு கேட்ட எல்லாச் சான்றிதழும் கொடுத்துத்தான் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாகூருக்கு வந்து மாதிரித் தேர்வு எழுதுகிறாள். நான் கடிகாரம் பார்க்கிறேன். மத்திய அரசின் டெட்டான சிடெட் வினாத்தாள் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் வரும், மொழிப் பாடத்துக்கு மட்டும் தமிழ் உண்டு. குழந்தை வளர்ச்சிப் பகுதியில் உளவியலாளர் பியாஜே பற்றி ஒரு கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் வராத புரிதல் எது? நாலு விடையில் ஒன்று 'கன்சர்வேஷன்'. அதை அடித்துவிட்டு வேறொன்றைக் கறுப்பாக்கினாள்.

"ஏன்டி அதை விட்டே?"

"கன்சர்வேஷன்னா மரம் காக்கறது, தண்ணி காக்கறது. அது சூழ்நிலையியல் இல்லையா அத்தை?"

சமையலறையிலிருந்து ஒரு குட்டை டம்ளரும் ஒரு நெட்டை டம்ளரும் எடுத்து வந்து, இருந்த மோரை இதிலிருந்து அதில் ஊற்றிக் காட்டினேன். உயரமாகத் தெரிந்தால் அதிகம் இருப்பதாகச் சின்னப் பிள்ளை நினைக்கும். அளவு மாறவில்லை என்று புரிவதற்குத்தான் அந்தப் பெயர்.

இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுவா? காலையில பால் குடுக்கும்போது தினம் இந்தச் சண்டையத்தானே தீர்த்துவைக்கிறேன். 'அவனுக்கு மட்டும் நிறைய'ன்னு அழுவுங்க. ரெண்டையும் ஒரே மாதிரி டம்ளர்ல மாத்தி ஊத்திக் காட்டுவேன்."

மோரைக் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். 150 நிமிடத்தில் 40 போயிருந்தது.