மரபுரிமை முகாமைத்துவப் பட்டப்பின் கல்வி, கொழும்பு

இலங்கையில் மரபுரிமை முகாமைத்துவத்தைப் பட்டப்பின் படிப்பாக வளர்த்ததில் முதன்மையானது, களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருளியல் பட்டப்பின் கல்வி நிறுவகம். 1986இல் தொடங்கப்பட்ட இது, கொழும்பில் பௌத்தாலோக மாவத்தையில் அமைந்துள்ளது. ஸ்தாபகப் பணிப்பாளர் பேராசிரியர் சேனக்க பண்டாரநாயக்க.

நிறுவகத்துக்கு முன்பே, 1980இல் மத்திய கலாசார நிதியம் உருவாகி, யுனெஸ்கோ துணையுடன், பண்டைய நகரங்களை உள்ளடக்கிய கலாசார முக்கோணப் பகுதியின் பணிகள் விரிந்தன. அகழவும் பேணவும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்ட காலம் அது. தோண்டி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எடுத்ததை யார், எந்தப் பணத்தில், எவ்வளவு காலம் காப்பது என்பதே இத்துறையின் கேள்வி.

காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் 'அவொண்ட்ஸ்டெர்' இதற்கு நல்ல பாடம். கடலடியில் கிடந்த மரத்தையும் கயிற்றையும் அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். நன்னீர்த் தொட்டிகளில் ஊறவைத்து உப்பை வெளியேற்ற மாதக்கணக்காகும். அகழ்வு முடிந்த 2004இலேயே ஆழிப்பேரலை வந்து, கரையிலிருந்த கடல்சார் தொல்லியல் பிரிவின் கட்டடத்தை அழித்தது. பேரிடர்த் தயார்நிலை எவ்வளவு அவசியம் என்பதை இதைவிடக் கடுமையாக எந்த விரிவுரையும் சொல்லாது.

கட்டடங்களைப் பேணும் முதுமாணிப் படிப்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. கொழும்பு மாணவருக்கு உதாரணம் தேடி அனுராதபுரம் வரை போக வேண்டியதில்லை: கொட்டாஞ்சேனைப் பக்கம் 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆட்கள் புழங்கும் கட்டடத்தைப் பேணுவது, வேலி போட்ட இடிபாட்டைப் பேணுவதைவிடச் சிக்கலானது.