பல எண் கைப்பேசியும் குரலஞ்சலும் (மலேசியா)

ஒரே கைப்பேசியில் இரண்டோ அதற்கு மேலோ தொலைபேசி எண்களை வைத்துக்கொள்வது பல எண் பயன்பாடு எனப்படும். மலேசியாவில் இது பெரும்பாலும் இரண்டு சிம் கார்டுகளாலும், அண்மைக்காலமாகக் கார்டு இல்லாத மின்னணு சிம்மான இசிம் வழியாகவும் நடக்கிறது. அழைப்பை எடுக்க இயலாதபோது அழைத்தவரின் பேச்சைப் பதிந்து வைக்கும் சேவை குரலஞ்சல். எண்ணுக்குரிய கணக்கும் குரலஞ்சல் பெட்டியும் கருவிக்குள் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ளன. ஆகவே கருவி ஒன்றே ஆனாலும், ஒவ்வோர் எண்ணுக்கும் கட்டணமும் பெட்டியும் அழைப்புத் திருப்பல் அமைப்பும் தனித்தனி.

வரலாறு

மலேசியாவின் முதல் கைப்பேசிச் சேவை 1985இல் அனலாக் முறையில் தொடங்கியது. அக்காலக் கருவியில் எண்ணைப் பொருத்தினால், வேறு கருவிக்கு மாற்ற நிறுவனத்தின் உதவி வேண்டும். 1995இல் மெக்சிஸ் நிறுவனமும், பின்னாளில் டிஜி எனப் பெயர் பெற்ற முத்தியாராவும் ஜிஎஸ்எம் எனும் டிஜிட்டல் சேவையைத் தொடங்கின. அதன்பின் எண் சிம் கார்டைச் சார்ந்ததாயிற்று. கார்டைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டால் எண்ணும் கூடவே வரும். இரண்டு சிம் ஏற்கும் முதல் கைப்பேசி பின்லாந்தின் பெனிபோன் நிறுவனம் 2000இல் வெளியிட்ட டுவின். அதில் ஒரு நேரத்தில் ஒரு சிம்மே இயங்கும்.

எண்ணின் முன்தொடர் ஒரு காலத்தில் நிறுவனத்தைக் காட்டியது: 012 மெக்சிஸ், 016 டிஜி, 019 செல்கோம். 2003இல் டைம்செல்லின் 017 மெக்சிசிடமும், டிஎம் டச்சின் 013 செல்கோமிடமும் சேர்ந்தன. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2008இல் வந்தபின் இந்த அடையாளம் பொருளிழந்தது. 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் ஒரே நிறுவனமாயின.

இயங்கும் முறை

பெரும்பாலான இரட்டை சிம் கைப்பேசிகளில் இரு எண்களும் ஒருங்கே விழித்திருக்கும். ஆனால் ஒன்றில் பேசும்போது மற்றது தொடர்புக்கு அப்பால் போய்விடும். அந்நேரம் இரண்டாம் எண்ணை அழைப்பவருக்குக் கைப்பேசி அணைந்திருப்பதாகவே தெரியும். இதற்கு எளிய மாற்று வழி, தொடர்பு கிட்டாத அழைப்புகளை ஓர் எண்ணிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிட்டு, அழைப்புக் காத்திருப்பையும் இயக்கி வைப்பது. திருப்பப்பட்ட அழைப்பின் கட்டணம் பொதுவாகத் திருப்பியவர் கணக்கில் சேரும்.

ஜிஎஸ்எம் வலையமைப்புகளுக்குப் பொதுவான திருப்பல் குறியீடுகள் பின்வருமாறு. ஒவ்வொன்றின் பின்னும் திருப்ப வேண்டிய எண்ணும் # குறியும் வரும்.

• **21* — எல்லா அழைப்புகளையும்
• **61* — எடுக்காவிட்டால்
• **62* — தொடர்பு கிட்டாவிட்டால்
• **67* — வேறு அழைப்பில் இருந்தால்

##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கும். *#06# அழுத்தினால் ஒவ்வொரு சிம் இடத்துக்கும் உரிய 15 இலக்க ஐஎம்இஐ எனும் கருவி அடையாள எண் தெரியும்.

குரலஞ்சல்

குரலஞ்சலும் ஒருவகை அழைப்புத் திருப்பலே. எடுக்காத அழைப்பு நிறுவனத்தின் பெட்டி எண்ணுக்குச் செல்கிறது. பதிவு விழுந்ததும் குறுஞ்செய்தியோ திரைக்குறியோ வருகிறது. மேற்கண்ட குறியீட்டால் அழைப்பை வேறிடம் திருப்பினால் பெட்டிக்குச் செல்லும் வழி அறுபடும். ##002# போட்டாலும் அப்படியே. இரட்டை சிம் கைப்பேசியில் பெட்டி எண்ணை ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

பெட்டி அழைப்பை ஏற்றதுமே அழைத்தவருக்குக் கட்டணம் ஓடத் தொடங்கும். பிரீபெய்டு வழக்கம் பரவலான மலேசியாவில், காசு போகுமுன் துண்டித்துவிட்டு மிஸ்கால் ஆக்குவது இயல்பானது. வாட்ஸ்அப் 2013இல் குரல்பதிவைச் சேர்த்தபின், பேசி அனுப்பும் பழக்கம் அங்கு குடியேறியது. அக்குரல்பதிவு வாட்ஸ்அப் கணக்கைச் சார்ந்தது. குரலஞ்சலோ எண்ணின் சேவை.

காப்பார் வட்டாரம்

பல எண் பயன்பாடு அன்றாட வாழ்வில் எவ்வாறு உதவுகிறது என்பதற்குக் காப்பார் ஓர் எடுத்துக்காட்டு. இது கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குச் செல்லும் கூட்டரசுச் சாலை 5இல் அமைந்த பட்டணம். தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த தமிழ்ச் சமூகம் இங்குண்டு. ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி அதன் அடையாளங்களுள் ஒன்று. கிள்ளான், மேரு, ஷா ஆலம், கிள்ளான் துறைமுகம் எனப் பல திசைகளில் வேலைக்குச் செல்வோருக்கும், வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்வோருக்கும் வீட்டுக்கு ஓர் எண், தொழிலுக்கு ஓர் எண் என்பது வசதியான ஏற்பாடு. நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பணப்பரிமாற்றம் இரண்டாம் எண்ணுக்கு இன்னொரு காரணம். 2018 டிசம்பரில் தொடங்கிய டுயிட்நவ் சேவையில் ஒரு கைப்பேசி எண்ணை ஒரு வங்கிக் கணக்கோடு மட்டுமே இணைக்கலாம். 2023 அக்டோபரில் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இரண்டு கணக்குகளை வைத்துக்கொள்ள வாட்ஸ்அப் வழிசெய்ததும் இதற்குத் துணையானது.

பதிவும் பாதுகாப்பும்

பிரீபெய்டு எண்களை உரிமையாளர் பெயரில் பதிவது 2006 முதல் கட்டாயம். குடிமக்கள் மைகாட் அடையாள அட்டை கொண்டும் வெளிநாட்டவர் கடப்பிதழ் கொண்டும் பதிகின்றனர். தன் பெயரில் பதிந்த எண்ணைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினால் விசாரணை முதலில் பதிந்தவரையே நாடும். டாப்-அப் செய்யாமல் விட்ட பிரீபெய்டு எண் காலாவதியாகி, பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும். ஆகவே இரண்டாம் எண்ணைக் கைவிடுமுன் வங்கி, வாட்ஸ்அப் இணைப்புகளை நீக்குவது அவசியம்.

**21* குறியீட்டை அழுத்துமாறு அந்நியர் கேட்பது மோசடிக்கு அறிகுறி. இணங்கினால் வங்கியின் உறுதிப்பாட்டு அழைப்புகளும் அவர்களிடம் சேரும். குறுஞ்செய்திவழிக் கடவு எண்களைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு வங்கிகளை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் பணித்தது; உறுதிப்பாட்டுக்கு ஒருவருக்கு ஒரே கருவி என்ற வரம்பையும் அறிவித்தது. எண்கள் எத்தனை இருந்தாலும் வங்கியின் உறுதிப்பாடு இப்போது கருவியைச் சார்ந்தது. கைப்பேசியை மாற்றுவோர் சிம்மை எடுத்துப் போட்டால் மட்டும் போதாது, வங்கிச் செயலியையும் புதிதாகப் பதிய வேண்டும். பணமோசடிக்கு ஆளானோர் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை உடனே அழைக்கலாம்.