அரை டிக்கெட்டின் வரலாறு: சட்டத்தில் நீண்ட, சந்தையில் சுருங்கிய குழந்தைப்பருவம்

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் விடுமுறைப் பயணம் செல்வதாகக் கொள்வோம். இந்திய இரயில்வேயின் கட்டண விதிகளில் அவள் இன்னும் குழந்தை. குறைந்த கட்டண விமானங்களிலோ இரண்டு வயதிலிருந்தே அவளுக்குப் பெரியவர்களுக்குரிய கட்டணம்தான். டிஸ்னி பூங்காக்களின் அமெரிக்க நுழைவாயில்களில் பத்து வயது நிறைந்தவுடன் அவள் பெரியவள் ஆகிவிடுகிறாள். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களிலோ பதினைந்து வயது வரை அவளுக்குக் கட்டணமே இல்லை. ஒரே உடல், ஒரே வயது; கட்டணப் பலகைகள் மட்டும் நான்கு விதமாகப் பேசுகின்றன. இவ்வயது வரம்புகள் இயற்கையின் அளவுகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காக வகுக்கப்பட்டது.

இன்றைய அரைக்கட்டண மரபின் தெளிவான தொடக்கங்களுள் ஒன்று 1844ஆம் ஆண்டின் பிரித்தானிய இரயில்வே சட்டம். மூன்றாம் வகுப்புப் பயணிகள் கூரையற்ற வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட காலம் அது. நாள்தோறும் ஒரு மூடிய வண்டியை, மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், நிறுவனங்கள் ஓட்டியாக வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. அவ்வண்டிகளில் மூன்று வயதுக்குட்பட்டோர் கட்டணமின்றியும், மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பாதிக் கட்டணத்திலும் செல்லலாம் என வரையறுத்ததும் அதே சட்டமே. அதாவது, அந்த வண்டிகளில் வயது எல்லையை விதித்தது நிறுவனத்தின் வணிகக் கணக்கு அன்று. ஏழைத் தொழிலாளர் குடும்பங்களை முன்னிட்டு நாடாளுமன்றம் எழுதிய விதி. 1853இல் போரிபந்தருக்கும் தாணேவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. பின்னர் இங்கும் அரைக்கட்டணம் வழக்கமாகி, ‘அரை டிக்கெட்’ என்ற சொல் சிறுவர்களைக் குறிக்கும் கேலிப்பெயராகவே பேச்சில் நிலைத்தது.

பன்னிரண்டு என்ற எண் அக்காலத்துத் தொழிற்சட்டத்தோடும் இசைந்து நின்றது. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தத் தடை விதித்தது; ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ளோரைக் குழந்தைகளாகக் கருதி நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலையை அனுமதித்தது. பன்னிரண்டு நிறைந்தவர் ஆலையில் முழுத் தொழிலாளி; இரயிலில் முழுப் பயணி. பின்னர் ஆலையின் எல்லை நகர்ந்தது. 1891ஆம் ஆண்டின் திருத்தம் குழந்தையின் வயதைப் பதினான்காக உயர்த்தியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலைக்குள் விடுவதையே தடுத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. பயணச்சீட்டின் பன்னிரண்டு மட்டும் நகரவில்லை.

இவ்வெல்லையை நடைமுறைப்படுத்துவது எளிதாகவும் இருக்கவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது 1969ஆம் ஆண்டின் சட்டம்தான். சான்றிதழ் இல்லாத இடத்தில் டிக்கெட் பரிசோதகரின் கண்ணே வயதைத் தீர்மானித்தது. கையில் போதிய பணமில்லாத இளைஞன் சிறுவனாக வேடமிட்டு அரை டிக்கெட்டில் பம்பாய்க்குப் பயணம் செய்வதைக் கதையாகக் கொண்டு, கிஷோர் குமார் நடித்த ‘ஹாஃப் டிக்கெட்’ என்னும் இந்தித் திரைப்படம் 1962இல் வெளிவந்தது. அந்நகைச்சுவைக்கு அடிப்படை இந்த நிச்சயமின்மையே.

கேளிக்கைப் பூங்காக்கள் இம்மரபை எடுத்துக்கொண்டு வேறு திசையில் திருப்பின. 1955இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், சிறுவருக்கு அரை டாலர். பின்னர் வந்த சீட்டுப் புத்தகங்களில் மூன்று முதல் பதினொன்று வரை குழந்தை, பன்னிரண்டு முதல் பதினேழு வரை இளையோர் என இரு சலுகைப் படிகள் இருந்தன. இன்று இளையோர் படி இல்லை. குழந்தை என்பது மூன்று முதல் ஒன்பது வரை மட்டுமே. சலுகையும் பாதியாக இல்லை, மிகச் சிறிய தொகையாகக் குறைந்துவிட்டது. இந்தியாவில் 1984இல் தில்லியில் அப்பு கர், 1989இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு எனத் தொடங்கிய பூங்கா வரலாற்றில் மற்றொரு தீர்வும் உருவானது. பல பூங்காக்கள் வயதைக் கேட்பதில்லை; வாயிலில் உயரத்தை அளக்கின்றன. சான்றிதழ் குறித்த வாக்குவாதம் ஒழிகிறது. ஆனால் வயதுக்கு மீறி வளர்ந்த குழந்தையின் பெற்றோர் அவ்வளர்ச்சிக்கும் சேர்த்துப் பணம் செலுத்துகின்றனர்.

இதன் பொருளியல் எளிது. குழந்தை தனியே வருவதில்லை. அதனை ஈர்த்தால் குடும்பமே வரும். காலி இடம் மிகுந்திருக்கும் வரை சலுகை இலாபகரமானது. இடம் அரிதாகும்போது, பெரியவருக்கு விற்கக்கூடிய இருக்கையில் அமரும் குழந்தை நிறுவனத்தின் கணக்கில் இழப்பாகிறது. விமானத்தில் மடியில் அமரும் வரை குறைந்த கட்டணம் என்பதும், விடுதியில் ‘கூடுதல் படுக்கை இல்லாமல்’ என்ற தனி விலையும் இக்கணக்கின் வடிவங்களே.

பொதுத்துறையும் இதற்கு விலக்கல்ல. 2016 ஏப்ரல் 21 முதல், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கையோ இருக்கையோ கேட்டால் முழுக் கட்டணம் என இந்திய இரயில்வே விதித்தது; பெற்றோரின் இடத்தைப் பகிர்ந்தால் மட்டுமே பாதி. 2022-23 வரையிலான ஏழு ஆண்டுகளில் இம்மாற்றத்தால் சுமார் 2,800 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைத்ததாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட தரவுகள் காட்டின. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கட்டணத்தில் தனி இடம் பெறப்பட்டது, ஏறத்தாழ 3.6 கோடிக் குழந்தைகள் தனி இடமின்றிப் பாதிக் கட்டணத்தில் சென்றனர். வயது எல்லை எழுத்தில் மாறவில்லை. இரவுப் பயணத்தில் குழந்தை தனியே படுத்துறங்குவது மட்டும் சலுகையிலிருந்து நீக்கப்பட்டது. இரு குழந்தைகள் உள்ள குடும்பம் ஒரு படுக்கையை இருவர் பகிர்வதா, நான்கு முழுக் கட்டணம் செலுத்துவதா என்று கணக்கிட வேண்டியதாயிற்று.

குழந்தைப்பருவம் என்ற கருத்துக்கே வரலாறு உண்டு என்பதைப் பிலிப் ஆரியேஸின் 1960ஆம் ஆண்டு நூல் ஆய்வுலகில் விவாதப் பொருளாக்கியது. ஓவியங்களும் பள்ளி ஆவணங்களும் போலவே கட்டண அட்டவணைகளும் அவ்வரலாற்றின் மூலங்களே. 1881 முதல் சட்டம் குழந்தைப்பருவத்தை மேல்நோக்கி நீட்டிவந்துள்ளது. கட்டண அட்டவணையோ அதனை ஓரிடத்தில் நிறுத்தி, பின்னர் உள்ளிருந்தே சுருக்கியுள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே இன்று நிற்பவர்கள் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறாரும், சட்டப்படி ஊதியம் ஈட்டக்கூடாத அவர்களுக்காக முழுக் கட்டணம் செலுத்தும் பெற்றோரும்தான்.