எபிரேய நாமங்களிற் பாகால்

எபிரேய வேதத்தில் வழங்கும் மக்கட் பெயர்களுட் பல இறைவன் பெயரைத் தம்முள் அடக்கியனவாம். எலியா என்பது 'என் தெய்வம் யாவே' எனவும், யோனத்தான் என்பது 'யாவே தந்தான்' எனவும் பொருள்படும். இவற்றிடையே, தீர்க்கதரிசிகளாற் பெரிதும் வெறுக்கப்பட்ட பாகால் என்னுங் கானானியத் தெய்வத்தின் பெயரும் விரவி நிற்றல் ஆராய்தற்குரியது.

சவுல் மன்னனின் மகன் ஒருவன் பெயர் நாளாகமம் முதற் புத்தகத்தில் (8:33) எஸ்பால் எனவும், சாமுவேல் இரண்டாம் புத்தகத்தில் (2:8) இஸ்போசேத் எனவும் காணப்படும். யோனத்தானின் மகன் முன்னதில் மேரிபால் (8:34). பின்னதில் மேவிபோசேத் (4:4). கிதியோனுக்கு வழங்கிய யெருபாகால் என்னும் பெயரும் (நியாயாதிபதிகள் 6:32) சாமுவேல் நூலில் (11:21) எருப்பேசேத் எனத் திரிந்தது. 'போசேத்' என்பதற்கு வெட்கம் என்பது பொருள். பிற்காலத்து ஏடெழுதினோர் பாகால் பெயரைச் சொல்லவும் கூசி, அவ்விடத்து இவ்விழிசொல்லைப் பெய்தனர் என்பது அறிஞர் பலர் துணிபு. காலத்தாற் பிந்திய நாளாகமமே பழைய வடிவத்தைக் காத்து நிற்றல் வியப்பாம்.

அற்றேல், சவுல் பாகாலை வழிபட்டானோ எனின், அங்ஙனந் துணிதற்கில்லை. அவன் மூத்த மகன் யோனத்தான் யாவேயின் பெயரன்றோ தாங்கினான்? பாகால் என்பது தலைவன், உடையவன், கணவன் என்னும் பொருள்களையுடைய பொதுப்பெயர். தாவீதைச் சேர்ந்த வீரனொருவன் பெயர் (நாளாகமம் முதற் புத்தகம் 12:5) 'யாவே பாகால்', அஃதாவது 'யாவே தலைவன்' என்றே பொருள்படும். இனி இறைவனை 'என் பாகால்' என்றழையார் என ஓசியா (2:16) கூறுதலானே, முன்னர் அவ்வாறழைக்கும் வழக்குண்மை பெறப்படும்.

புதைபொருளாராய்ச்சியும் இதற்குச் சான்றாகும். 1910-ஆம் ஆண்டிற் சமாரியாவிற் கிடைத்த ஓட்டுச் சில்லெழுத்துக்களில் யாவே பெயரும் பாகால் பெயரும் தாங்கிய மாந்தர் ஒருங்கே காணப்படுகின்றனர். எருசலேமுக்குத் தென்மேற்கிலுள்ள கிர்பெத் கெய்யாபாவில் 2012-இற் கிடைத்து 2015-இல் வெளியிடப்பட்ட சாடியொன்றில் எஸ்பால் என்னும் பெயரே பொறிக்கப்பட்டுளது. அது சவுல் மகனைக் குறிப்பதன்று. தந்தை பெயர் வேறு. எனினும் ஏறக்குறைய 3,000 ஆண்டுகட்கு முன் அப்பெயர் அந்நாட்டில் வழங்கியமை அதனால் உறுதியாயிற்று. 1929 முதல் உகாரித்து நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகளோ, பாகால் என்னும் அப்பொதுப்பெயர் மழைக்கும் இடிக்கும் உரிய அதாது என்னுந் தேவனுக்குச் சிறப்புப்பெயராய் நின்றமையைக் காட்டும்.

பொதுப்பெயர் சிறப்புப்பெயராகி, வேற்றுத் தெய்வத்துக்கு உரித்தாகி, ஈற்றில் வசைச்சொல்லுக்கு இடந்தந்த வரலாறு இது. ஆதலின், பெயரொன்றே கொண்டு ஒருவர் சமயத்தைத் துணிதலும், ஒரு பாடமே கொண்டு பெயரைத் துணிதலும் பொருந்தா. பாடங்களை ஒப்புநோக்கி, வழங்கிய காலத்துப் பொருளறிந்து துணிதலே முறையாம்.