கோஜிரா: வெட்டி எறியப்பட்ட ஓர் உரையாடல்

பெருந்திரளான மக்கள் கண்டு களித்த திரைப்படங்களை வரலாற்று ஆவணங்களாகக் கொண்டு வாசிக்கும் வழக்கம் நம் இலக்கியச் சூழலில் அரிது. அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எனினும், 1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் வெளியாகி, ஏறத்தாழ 96 இலட்சம் பார்வையாளர்களை ஈர்த்த ‘கோஜிரா’ அத்தகைய மறுவாசிப்புக்குப் பெரிதும் உரியது. காட்ஸில்லா என்று பின்னர் உலகம் அறிந்த விலங்குதான் இது. கொரில்லாவைக் குறிக்கும் ‘கோரிரா’, திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்னும் இரு சொற்களின் கூட்டிலே பிறந்தது இதன் பெயர்.

படத்தின் தொடக்கக் காட்சியை மீண்டும் நோக்குவோம். அமைதியான கடலில் ஒரு கப்பல். தளத்தில் மாலுமிகள் இசைத்து இளைப்பாறுகின்றனர். திடீரென்று கடல்நீர் ஒளிர்கிறது. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. இன்றைய பார்வையாளருக்கு இது ஒரு பூதக் கதையின் வழக்கமான தொடக்கம். அன்றைய ஜப்பானியருக்கோ அவ்வாண்டின் செய்தித்தாள்.

1954 மார்ச் 1ஆம் நாள் பிகினி பவழத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். வடிவமைத்தோர் எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுரியு மாரு’ என்ற படகின்மீது, பவழப்பாறை பொடிந்த வெண்சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். வானொலி இயக்குநரான குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். அடுத்த 41ஆம் நாள் கோஜிரா திரைக்கு வந்தது.

1945 முதல் 1952 வரை நீடித்த அமெரிக்க ஆட்சியின்போது, அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதும் படங்கள் வெளியிடுவதும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அது நீங்கிய பின் நேரடியாகப் பேசிய படைப்புகள் வரத்தான் செய்தன. கனெட்டோ ஷிண்டோவின் ‘ஹிரோஷிமாவின் குழந்தைகள்’ 1952இலேயே வெளிவந்தது. ஆயினும் அத்துயரை வெகுமக்களின் அரங்குக்குக் கொண்டுசென்றதில் கோஜிராவுக்குத் தனி இடம் உண்டு. அதன் இயக்குநர் இஷிரோ ஹோண்டா, சீனப் போர்முனையிலிருந்து 1946இல் திரும்புகையில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். நம் இலக்கணிகள் உள்ளுறை என்று கூறுவார்களே, அதுபோல விலங்கு வெளியே நிற்கிறது. பொருள் உள்ளே நிற்கிறது.

சில இடங்களில் அத்திரையும் விலகிவிடுகிறது. மின்தொடர்வண்டியில் பயணம் செய்யும் மூவருள் ஒரு பெண், கதிர்வீச்சு ஏறிய மீனையும் மழையையும் சொல்லி அலுத்துக்கொண்டு, நாகசாகியில் அரும்பாடுபட்டுத் தப்பிய உயிர் தனது என்கிறாள். நாடாளுமன்றக் காட்சியில், விலங்கு வெளிவந்ததற்குக் குண்டுச் சோதனையே காரணம் என்பதை மறைக்க வேண்டும், அயலுறவு கெடும் என்கிறார் ஓர் உறுப்பினர். உண்மையை வெளியிடுங்கள் என்று பெண் உறுப்பினர்கள் கொதித்தெழுகின்றனர். கோஜிராவைக் கொல்லவல்ல பொருளைக் கண்டறிந்த செரிசாவா, அதுவும் ஆட்சியாளர் கையில் ஆயுதமாகிவிடும் என்றஞ்சித் தன் குறிப்புகளை எரிக்கிறார். தம்மிடமிருந்தும் அவ்வறிவு வெளிப்படலாகாது என்று கடலடியிலேயே உயிர் துறக்கிறார்.

1956இல் அமெரிக்கர்கள் கண்டது வேறு படம். ரேமண்ட் பர் நடித்த ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் புகுத்தப்பட்டது; 96 நிமிடப் படம் 80 நிமிடங்களாகச் சுருங்கியது. தொடர்வண்டிப் பெண்ணின் பேச்சு அகற்றப்பட்டது. சோதனைகள் தொடருமானால் இன்னொரு கோஜிரா தோன்றக்கூடும் என்று முதியவர் யமானே எச்சரிப்பதோடு முடியும் மூலப்படம், அங்கே உலகம் மீண்டும் நிம்மதியாக வாழலாம் என்ற ஆறுதலோடு முடிந்தது. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியானது 2004இல்தான். குண்டு போட்ட நாடு, குண்டுக்குத் தப்பியவளின் ஒரு வரியைக் கேட்க அரை நூற்றாண்டு ஆயிற்று எனலாம்.

மூலப்படத்திலும் ஒரு மௌனம் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. அதே சாம்பல் ரொங்கெலாப் தீவிலும் விழுந்தது. அங்கிருந்த மார்ஷல் தீவு மக்கள், வெடிப்பு நிகழ்ந்து இரண்டு நாட்கள் கழிந்த பின்னரே அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் படத்தில் இடமில்லை. பலியானோரின் கதையும் வேறு பலியானோரை விட்டுவிடக் கூடும்.

அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாளே, சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டுமென்று நேரு நம் மக்களவையில் கோரினார். ஜப்பானில் டோக்கியோவின் சுகினாமி பகுதி இல்லத்தரசிகள் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம், 1955 ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அந்த எழுச்சியிலிருந்து 1956இல் உருவான நிஹோன் ஹிடான்கியோ, அணுகுண்டுக்குத் தப்பியோரின் அமைப்பு, 2024இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. தப்பியவர்களின் சராசரி வயது அப்போது எண்பத்தைந்தைக் கடந்திருந்தது.

நேரில் கண்டு சொல்வோர் அருகிவரும் காலம் இது. வாய்ப்புள்ள நண்பர்கள் ஜப்பானிய மூலத்தையே தேடிக் காண வேண்டுகிறோம். நகரம் எரியும் காட்சிகளை எல்லோரும் பார்த்துவிடுவர். ஒரு நிமிடமும் நீளாத அந்தத் தொடர்வண்டி உரையாடலைச் சற்றே உன்னிப்பாகக் கேளுங்கள்.