நான்கு பேர் கையிலும் ஒரே கையிலும்

ஐ.ஐ.எம்.சி. எனப்படும் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் தில்லியில் 1965 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அன்றைய தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சர் இந்திரா காந்தி. முதலில் சவுத் எக்ஸ்டென்ஷன்; ஜே.என்.யு.வை ஒட்டிய இன்றைய வளாகம் பிற்பாடு வந்தது. கட்டடக் கதையை வேறு யாராவது எழுதட்டும். நான் சொல்ல நினைப்பது, 1969இல் இங்கே ஆரம்பித்த ஒரு டிப்ளமோ வகுப்பைப் பற்றி. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ஏற்கெனவே பத்திரிகை வேலையில் இருந்தவர்களுக்கான வகுப்பு அது.

அந்த வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்று புரிய அன்றைய செய்தி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நைரோபியில் நடந்தது சென்னை நாளிதழுக்குப் பெரும்பாலும் லண்டன் வழியாகத்தான் வரும். ஏ.பி., யு.பி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. ஆகிய செய்தி நிறுவனங்கள் நான்கும் எதைச் செய்தி என்றனவோ அதுவே உலகச் செய்தி. காலனி ஆட்சியில் போட்ட தந்தித் தடங்களும் அப்படியே இருந்தன. பக்கத்துப் பக்கத்து ஆப்பிரிக்க நாடுகள் இரண்டு பேசிக்கொள்ளக்கூட இணைப்பு லண்டனையோ பாரிஸையோ சுற்றி வர வேண்டியிருந்தது. பஞ்சம், ராணுவப் புரட்சி, விமான விபத்து என்றால் நம் பெயர் அடிபடும். மற்ற நாட்களில் நாம் இல்லை.

இதற்கு மாற்றாக 1975 ஜனவரியில் யூகோஸ்லாவியாவின் செய்தி நிறுவனமான டான்யுக் முன்னின்று அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டமைப்பைத் தொடங்கியது. 1976 ஜூலை 8 முதல் 13 வரை தில்லியில் கூடிய மாநாடு அதற்கு விதிமுறை வகுத்தது. அடுத்த மாதமே அணிசேரா நாடுகளின் கொழும்பு உச்சி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ஒருங்கிணைப்புக் குழுவின் முதல் தலைவர் நம் பத்திரிகையாளர் டி.ஆர். மன்கேகர். ஒவ்வொரு நாட்டுச் செய்தி நிறுவனமும் தன் செய்திகளில் சிலவற்றைப் பொறுக்கி அனுப்பும். சில மையங்கள் அவற்றை மற்ற நாடுகளுக்கு மறுபடி அனுப்பும். தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. அனுப்பும் செலவு அவரவர் தலையில்.

ஆனால் அது எப்படிப்பட்ட ஜூலை! முந்தைய ஆண்டு ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது; தில்லியின் பகதூர் ஷா ஜஃபர் மார்க் பத்திரிகை அலுவலகங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சென்னையில் 'துக்ளக்' இதழ் கறுப்பு அட்டையோடு வந்தது. 1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ. உட்பட நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து 'சமாசார்' ஆக்கினார்கள். உலகச் செய்தி நான்கு பேர் கையில் சிக்கியிருக்கிறது என்று முறையிட்ட ஊரில் உள்நாட்டுச் செய்தி ஒரே கையில் இருந்தது. முறையீடு நியாயமானதுதான், முறையிட்டவர்களின் யோக்கியதைதான் கேள்விக்குரியது. கூட்டமைப்பு வழியே வந்ததில் பலவும் அமைச்சர் பேசினார், அமைச்சர் திறந்துவைத்தார் வகை. எந்தத் துணையாசிரியர் அதை முதல் பக்கத்துக்கு எடுப்பார்?

நெருக்கடி நிலை போனது. 1978இல் சமாசாரும் பிரிந்தது. அந்தச் சமயத்தில் உலகத் தகவல் தொடர்புச் சிக்கல்களை ஆராய யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் ஆணையத்தில் இந்தியாவின் உறுப்பினர் பி.ஜி. வர்கீஸ். சிக்கிம் இணைப்பை விமர்சித்து எழுதி, 1975இல் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர் பதவியை இழந்தவர். ஆணையம் 1979 மார்ச்சில் தில்லியிலும் அமர்ந்தது. மறு ஆண்டு வந்த அறிக்கை செய்தி ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வைச் சொன்னது, தணிக்கையை ஒழிக்கவும் சொன்னது. அரசுகள் முதல் பாதியை மட்டும் கைதட்டி வரவேற்றன. 2005இல் தகவல் சமூகத்துக்கான உலக உச்சி மாநாட்டை இணையத்தைத் தணிக்கை செய்துகொண்டே துனிசியா நடத்தியதை என்னவென்று சொல்ல?

கூட்டமைப்பு மெல்ல ஓய்ந்து, 2006இல் மலேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா நடத்திய இணையச் சேவையாக மாறியது. ஐ.ஐ.எம்.சி.யிலோ அந்த வகுப்பு நிற்கவில்லை. வளர்ச்சி இதழியல் என்ற பெயரில், வெளிநாட்டவருக்குப் பயிற்சி தரும் வெளியுறவு அமைச்சகத்தின் ஐடெக் திட்டச் செலவில், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அரசு அனுப்பும் குறிப்புக்குக் காத்திராமல், அடுத்த நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க, விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவரின் முகவரி அவர்களிடம் இருந்தது.