விஷஜுரமும் வெறும் உலையும்

கொள்ளை நோயைப் பற்றிக் கூறும் சரித்திர ஏடுகள் மாண்டவர் தொகையைக் கூறி அமைந்துவிடுகின்றன. எஞ்சியவர் எதை உண்டு பிழைத்தனர் என்று அவை கேட்பதில்லை. உழைத்துண்ணும் மக்களாகிய நாம் அக்கேள்வியையே முதலில் கேட்டல் வேண்டும்.

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளுயன்சா என்னும் விஷஜுரம் மலாயாவிற் புகுந்து தோட்டங்களையும் எட்டிற்று. ஏனைய ஆண்டுகளில் இந்த ஜுரம் குழந்தைகளையும் முதியோரையுமே பெரிதும் வாட்டும். அவ்வாண்டிலோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய திடகாத்திரரையும் திரளாக வீழ்த்திற்று. குடும்பத்தில் சம்பாதிக்கும் கை எதுவோ அதுவே முறிந்தது.

தோட்டத் தொழிலாளி பெற்றதோ நாட்கூலி. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவனுக்கே அன்றைய கூலி. லயத்தில் ஜுரத்தோடு கிடந்தவன் பெயர் செக்ரோலில் ஏறாது. பெயர் ஏறாவிடில் சம்பளமும் இல்லை. ஆனால் நோயாளியின் பிள்ளைகளுக்குப் பசி நிற்குமோ? கடைக் கணக்குத்தான் நிற்குமோ?

இந்நிலையில் அரிசியும் அரிதாயிற்று. மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் ஆகிய நாடுகளிலிருந்தே தருவித்தது. 1918இல் இந்தியாவிற் பருவமழை பொய்த்தமையால் அங்கிருந்தும் பர்மாவிலிருந்தும் வரும் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919இல் சயாமும் ஏற்றுமதியைத் தடுத்தது. கூலி குறைந்த வீட்டில் அரிசி விலை இடியென விழுந்தது.

தாயகத்தின் நிலை இன்னும் பரிதாபம். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். மலாயாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருந்த கிராமத்துக் குடும்பத்துக்கு அவன் நோயுற்றதும் அவ்வழியும் அடைபட்டது.

இவற்றையெல்லாம் தலைவிதி என்று சொல்லி ஆறுதல் கொள்வாரும் உளர். நாம் அதை ஒப்போம். நோயைத் தந்தது இயற்கை. பட்டினியைத் தந்தது மனிதர் வகுத்த கூலிமுறை. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம். ஓரளவு மாற்றியும் உள்ளனர். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இன்று சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு.

எனினும், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாட்கூலிக்காரரும் அங்காடி வியாபாரிகளும் நாளைய உலைக்கு என் செய்வதென்று மீண்டும் திகைத்தனர். சட்டம் பதிவேட்டில் உள்ளவரையே எளிதில் காண்கிறது. ஆதலின் தோழர்களே, வேலை செய்யுமிடத்தில் நம் பெயர் முறைப்படி பதிவாகியுள்ளதா என்று இன்றே கேட்டறிவோம். அடுத்த நோய் வந்தபின் கேட்பதிற் பயனில்லை.